பெடல் இறங்குது

“அமுக்கு” என்று ஜீப்புக்கு அடியிலிருந்து சுருளிவேலின் குரல் வந்ததும் தமயந்தி அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். ஐந்து முறை ஆனதும் “பிடிச்சுக்க” என்றார். காலை அப்படியே ஊன்றிக்கொண்டாள். பின்னால் எங்கோ ஸ்பேனர் அரைச் சுற்றுத் திரும்பியது. பாதத்துக்குக் கீழே பெடல் தானாகவே, அவளைக் கேட்காமலே, மெதுவாகத் தரைக்கு இறங்கியது. அந்த இறக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை. “பூட்டிட்டேன், விடு” என்றார். விட்டாள். பிரேக் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியே எடுக்கிற வேலை இது. ஒற்றை ஆளால் ஆகாது, மேலே ஒருவர் மிதிக்க வேண்டும், கீழே ஒருவர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கிற சின்னத் திருகைத் திறந்து, எண்ணெயும் காற்றுக் குமிழியுமாய் வருவதைக் குழாய் வைத்துப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். திறந்திருக்கும்போது மட்டும் காலை எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், செய்த பாடெல்லாம் வீண். இதை அவர் காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. முப்பத்தைந்து வருஷம் கிராம செவிலியராக ஊசி போட்டவளிடம், சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துச் சுண்டிச் சுண்டிக் காற்றை வெளியேற்றியவளிடம், காற்றைப் பற்றிப் பாடம். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். “அமுக்கு.” ஒன்று, இரண்டு. தெருவுக்கு அந்தப்பக்கத்து ஏலக்காய் மண்டியிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. போடியில் பிறந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியாது, மூக்கு பழகிப்போயிருக்கும். விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்த அவளுக்கு இத்தனை வருஷம் கழித்தும் சில நாள் திடீரென்று தெரியும், இன்றைக்குத் தெரிகிறது, எதனால் என்று தெரியவில்லை, இல்லை, தெரியும், இந்த வண்டியில் உட்கார்ந்திருப்பதனால். இருபத்திமூன்று வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் அவருடைய இடத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், ஒருநாளும் உட்காராத இடத்தில்.

உட்கார்ந்ததே ஒரு கணக்கில் தற்செயல்தான். தை மாசத்திலிருந்து இந்த சிமெண்டுக் கூரை நிழலில் வண்டியைக் கட்டைகள்மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, பிரித்துப் போட்டு வேலை செய்கிறார். ஒன்பது வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. எலி ஒயரைக் கடித்திருந்தது, தரைத் தகரம் அப்பளமாய் நொறுங்கியது. கோயம்புத்தூரிலிருந்து மகன் கதிரவன் ஃபோனில் “பழைய ஜீப்புக்கு இப்ப நல்ல கிராக்கிப்பா, அப்படியே குடுத்திருங்க” என்றான். இவர் “பாப்போம்” என்று சொல்லிவிட்டுக் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு துருவைத் தேய்க்கப் போய்விட்டார். மாசி முழுக்கத் தேய்த்தார். உப்புத்தாள் சத்தம் விடிந்ததும் தொடங்கும், அவள் சமையற்கட்டில் நின்று கேட்பாள். பிறகு செங்காவி நிறத்தில் ஒரு பூச்சு, அதற்கு மேல் பழைய பச்சை. முன்னிருக்கை இரண்டுக்கும் புது ரெக்ஸின் போட்டார். பின்னால் ஆட்கள் உட்காருகிற பெஞ்சுகள் இரண்டையும் மட்டும் திரும்ப மாட்டவில்லை, கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இந்த வண்டி விஷயத்தில் அவர்களுக்குள் இல்லை. சோறு வேணுமா, சீனி குறைச்சுப் போட்டியா, கரண்டு பில் கட்டியாச்சா, எல்லாம் பேசுவார்கள். வண்டி என்றால் மட்டும் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள், வழியில் பாம்பு கிடக்கிற மாதிரி. இன்றைக்கு ஏர் எடுக்க வருவதாகச் சொன்ன மெக்கானிக், தன் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு இவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, எதையோ தேடுகிறவர்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “ஒரு அரை மணி நேரம் கால் வைக்க முடியுமா?” என்றார். முட்டி வலிக்குமே என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்லவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“இந்தச் சக்கரம் ஆச்சு. எண்ணெயப் பாரு, கொறஞ்சிருந்தா ஊத்து.” காலடியில் தரைத் தகரத்தில் ஒரு வட்ட மூடி, அதைத் திறந்தால் பிரேக் எண்ணெய் நிற்கிற கிண்ணம். அவர் புனல் கொடுத்தார், சிந்துகிறது என்று அதை வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். உறிஞ்சி, கிண்ணத்தில் ஒரு சொட்டு சிந்தாமல் விட்டாள். அவர் அடுத்த சக்கரத்துக்கு நகர்கிறபோது நின்று அதைப் பார்த்தார். “கை இன்னும் நடுங்கல” என்றார். அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. இருபத்திமூன்று வயசில் முதல் தடவை மலைக்குப் போனபோது இதே கை நடுங்கிற்று. ஊசி போடும்போது இல்லை, ஜீப்பில் ஏறும்போது. எட்டுப் பேர் ஏறுகிற வண்டியில் பதினெட்டுப் பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேர். ஏலத்தோட்டத்துக்குக் களை வெட்டப் போகிற பெண்கள் வெற்றிலையை மென்றுகொண்டு, “புது நர்சம்மாவா? வாங்க, முன்னாடி உக்காருங்க” என்றார்கள். முன்னிருக்கையில் கம்பி பிதுங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்து அதன்மேல் போட்டார். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருக்கிற ஐஸின் குளிர் சேலையைத் தாண்டித் தொடையில் ஏறியது. வெளியே வெயில், கீழே இஞ்சின் சூடு, மடியில் மட்டும் குளிர். முந்தல் தாண்டி மலை ஏற ஏற வெயில் போய்விட்டது. வளைவுக்கு வளைவு அவள் கண்ணை மூடினாள். நாலாவது வளைவில் அவர் சொன்னார், “கண்ண மூடுனா வாந்தி வரும் நர்சம்மா. தூரத்துல இருக்குற எதையாச்சும் பாத்துக்கிட்டே வாங்க.” எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் கியர் மாற்றுகிற அவர் கையைப் பார்த்தாள். அது தூரத்தில் இல்லை. ஆனாலும் வாந்தி வரவில்லை. மூன்று வருஷம் மாசா மாசம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு போய்வந்தாள். “அடுத்த மாசமும் நீங்கதான வருவீங்க?” என்று ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது கேட்பார், வேறு ஒரு பேச்சும் கிடையாது. அவளுக்குக் கம்பத்துக்கு மாற்றல் வரப்போகிறது என்று புரளி கிளம்பிய மாசம் மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விருதுநகர் வீட்டு வாசலில் இந்த ஜீப் நின்றது, இவரும் இவருடைய அண்ணனும், தேய்த்த வெள்ளைச் சட்டையில். அவளுடைய அப்பா இவரைப் பார்க்கவில்லை, ரொம்ப நேரம் வண்டியைத்தான் பார்த்தார். “இவ்வளவு பழைய வண்டிய இவ்வளவு சுத்தமா வச்சிருக்கான்” என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார். சம்மதம் என்று அதற்கு மேல் தனியாக எதுவும் சொல்லவில்லை.

“அமுக்கு. அமுக்கு. பிடிச்சுக்க.” இறங்கியது. “விடு.” இரண்டாவது சக்கரத்தில் குமிழி நிறைய வருகிறதாம், அவர் கீழேயிருந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார், பெரிசு, சின்னது, ரெண்டு சின்னது. அவர் குரலில் ஒரு குஷி இருக்கிறது. இப்படியொரு குரலை அவள் கேட்டு நாளாயிற்று, அதைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷம் வர வேண்டியதுதானே, ஏன் பயம் வருகிறது? முடிந்துவிடப் போகிறது, அதனாலா? முடிந்தால் அவர் வண்டியை எடுப்பார். அறுபத்துநாலு வயசு, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. தனியாகத்தான் போவார். பெஞ்சு மாட்டாத வண்டி. ஆள் ஏத்த மாட்டேன் என்று விபத்து நடந்த அன்றைக்குச் சொன்னவர் அதற்கப்புறம் பதினாலு வருஷம் ஓட்டினார், ஒரு ஆளைக்கூட ஏற்றவில்லை. உரமூட்டை, ஏலக்காய் மூட்டை, மிளகு, தகரம், சாணி, எல்லாம் ஏற்றினார். மழையில் ரோட்டோரம் நின்று கைகாட்டினவர்களை விட்டுவிட்டுப் போனார் என்று அவரைத் திட்டினவர்கள் உண்டு. சுருளி வண்டியில் கண்ண மூடிக்கிட்டு ஏறலாம் என்று ஒரு காலத்தில் சொன்ன வாய்கள். பள்ளிக்கூடத்துக்குக் கதிரவன் சைக்கிளில் போனான், அவள் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சில நாள் இந்த வண்டி மூட்டைகளோடு அவளைத் தாண்டிப் போகும். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். அவளும் காட்டுவாள். முன்னிருக்கை காலியாக இருக்கும். பஸ்ஸில் ஏறியதும் அவள் மறக்க முயல்கிற வாக்கியம் திரும்ப வரும். பிரேக் கொஞ்சம் இறங்குது தமயந்தி, ஏர் எடுத்துட்டுக் கிளம்புவமா, அரை மணி நேரம். அது அவர். ஐஸ் கரஞ்சிரும்ங்க, மேல நாப்பது பிள்ளைக காத்துக்கிட்டிருக்கும், வந்து பாத்துக்குவோம். இது அவள். சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் அந்த மடிப்பைச் சரிசெய்கிற விரல்கள்தான் முதலில் வருகின்றன. பச்சைக் கரை போட்ட சேலை. அப்புறம் லூர்துமேரியின் மணிக்கட்டு. தோட்டத்தில் வேலை பார்த்த பெண், அன்றைக்கு வண்டியிலிருந்த பதினோரு பேரில் அடிபட்டவள் அவள் ஒருத்திதான். எலும்பு கூடிற்று, கொஞ்சம் கோணலாகக் கூடிற்று. பிறகும் வருஷக்கணக்கில் முகாமுக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருவாள், அந்தக் கையால்தான் பிள்ளையின் தொடையைப் பிடித்துக்கொள்வாள், “போடுங்கம்மா” என்று சிரிப்பாள். தமயந்தி ஊசியைப் பார்ப்பாள், பிள்ளையின் தொடையைப் பார்ப்பாள், நடுவிலிருக்கிற மணிக்கட்டைப் பார்க்காமல் போட்டுப் பழகிக்கொண்டாள்.

மூன்றாவது, முன்பக்கத்து இடது சக்கரம். இப்போது அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வெடித்த குதிகால்களோடு. முகம் தெரியவில்லை. முகம் தெரியாததுதான் வசதி என்று அவளுக்குத் தோன்றிய நிமிஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

“ஏங்க.”

“பிடிச்சுக்க. தெறந்திருக்கேன். என்ன?”

“அன்னிக்குக் காலைல நீங்க ஏர் எடுக்கணும்னு சொன்னீங்க. நான்தான் வேணாம்னேன்.”

கால்கள் அசையவில்லை. “என்னிக்கு?” என்றார். அந்தக் கேள்வி வந்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

“ஒன்பதாம் வளைவுல. லூர்துமேரிக்குக் கை ஒடிஞ்ச அன்னிக்கு. நான் அரை மணி நேரம் பொறுத்திருந்தா அப்படி ஆயிருக்காது.”

வண்டிக்கு அடியிலிருந்து, தகரத்தில் மோதிக் கனத்த குரலில் வந்தது. “நீ சொல்லித்தான் வண்டிய எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருக்கியா?”

“பின்ன?”

“அது கசிஞ்சுக்கிட்டிருந்துச்சு தமயந்தி. வீல் சிலிண்டரு. ரெண்டு நாளாவே. சீட்டுக்கடில எண்ணெய் பாட்டில் வச்சுக்கிட்டு, கொறையக் கொறைய ஊத்தி ஊத்தி ஓட்டுனேன். சாமான் மதுரைலருந்து வரணும். ஒரு நடை விட்டா தோட்டத்துல வேற வண்டியப் புடிச்சிருவாக. நீ அரை மணி நேரம் குடுத்திருந்தாலும் ஏருதான் எடுத்திருப்பேன். கசிவு நின்னிருக்காது.”

அவள் அதைக் கேட்டாள். காதுக்குள் போன ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. நின்னிருக்காது. அப்படியென்றால் நிம்மதி வர வேண்டும். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்க வேண்டும், இதுபோன்ற சமயத்தில் அப்படித்தானே ஆகும் என்பார்கள். அவளுக்கு ஏறிற்று. கழுத்து, காது, உச்சந்தலை வரைக்கும் சூடாக ஏறிற்று. ரெண்டு நாளாவே. பாட்டில் வைத்துக்கொண்டு. பஸ் நிறுத்தத்தில் அவள் நின்ற அத்தனை காலையும், பச்சைக் கரைச் சேலையை யாருக்கோ கொடுத்துவிட்டதும், ஒரு தடவை மாதா கோயிலில், அவள் சாமியே இல்லை, லூர்துமேரிக்காக மெழுகுவர்த்தி ஏற்றி வைத்ததும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டு ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் காலை எடுத்துவிட்டாள்.

“ஏய், விடாத! விடாத!”

சொர்ரென்று ஒரு சத்தம். பிறகு வண்டிக்கு அடியில் பெருமூச்சு. அவர் முதுகால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து எழுந்தார், கன்னத்தில் எண்ணெய், நெற்றியில் மண். “ஏர் ஏறிப்போச்சு. மொதல்லருந்து எடுக்கணும்.”

“ஏறட்டும்” என்றாள். “இருபத்திமூணு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

“நீ கேட்டியா?”

“எப்படிக் கேப்பேன்? இனி ஆள் ஏத்த மாட்டேன்னீங்க. அடுத்த மாசம் எனக்கு வேற ஆளோட ஜீப்புல சொல்லிவிட்டீங்க. என்னப் பக்கத்துல உக்கார வச்சா அந்த நெனப்பு வரும்போலன்னு நானே பஸ்ஸப் புடிச்சுக்கிட்டேன்.”

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே மறுபடி மறுபடி துடைத்தார். “நீ பயந்துட்டேன்னு நெனச்சேன்” என்றார். “அன்னிக்கு எறங்குறவரைக்கும் நீ வாயே தெறக்கல. என்னைய நம்பி ஏறுனவ. ஏறுன்னு மறுபடி எந்த வாயால கூப்புடறது? கூப்புட்டு, நீ வேணாம்னுட்டா?” அதற்கு மேல் நின்று பேச முடியாதவர்போல மறுபடி மண்ணில் படுத்து அடியில் போய்விட்டார். “அமுக்கு” என்றார், பாதிக் குரலில். அவள் உடனே அமுக்கவில்லை. கோபம் இன்னும் அப்படியே இருந்தது, அது எங்கேயும் போகவில்லை, அதன் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. வேணாம்னுட்டா என்று இவர் பயந்தாராம். தினமும் அந்தப் பஸ் நிறுத்தத்தில் வண்டி கொஞ்சம் மெதுவாகித்தான் தாண்டும், அது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது, வேகத்தடைக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அங்கே வேகத்தடை இல்லை. அமுக்கினாள். மூன்றாவது சக்கரத்தை முதலிலிருந்து எடுத்தார்கள், இருபது தடவை, முப்பது தடவை. முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

நாலாவது சக்கரம் அவள் உட்கார்ந்திருக்கிற பக்கம். குனிந்தால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் அவருடைய நரைத்த உச்சந்தலை. திருகில் ஸ்பேனரைப் பொருத்தினார். திறக்கவில்லை.

“பயமா இருந்துச்சா, அன்னிக்கு?”

கேட்டாயிற்று. அவள் பெடலை மிதித்தபடியே தேடிப் பார்த்தாள், இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது. மாலை நாலு மணி, மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள், மூடுபனி மேலேயே நின்றுவிட்டது, கீழே போடி தெரிந்தது, மாந்தோப்பெல்லாம் தெரிந்தது. மருந்து தீர்ந்த பெட்டி மடியில். பின்னால் பெண்கள் ஏதோ கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வழக்கம்போலக் கியர் கம்பியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தாள். அந்தக் கை சட்டென்று கீழ்க் கியரைப் போட்டது, இஞ்சின் அலறிற்று, ஸ்டீயரிங்கை மலைப்பக்கமாய் ஒடித்தார், கல்லும் புல்லும் தகரத்தில் உரசிக்கொண்டே வந்தன, வண்டி ரோட்டோர ஓடையில் ஒரு பக்கம் இறங்கி நின்றது. பின்னால் லூர்துமேரி அம்மா என்று கத்தினாள். தடுப்பூசிப் பெட்டி ரோட்டில் உருண்டு மூடி திறந்து ஐஸ் பைகள் சிதறிக் கிடந்தன. எல்லோரும் இறங்கியானதும் அவர் என்ன செய்தார்? ரோட்டில் நடந்து நடந்து அந்த ஐஸ் பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் வைத்து மூடி, அவள் கையில் கொடுத்தார். கொடுத்தபோது அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை நடுங்கி அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அதைப் பார்த்ததும்தான் பேச்சு வராமல் போயிற்று. அதற்கு முன்னால் என்ன இருந்தது? தேடினாள். இல்லை, அங்கே அது இல்லை.

“குரங்கு குறுக்க வந்துருச்சுன்னு நெனச்சேன்” என்றாள். “அதுக்காக ஒடிக்கிறீங்கன்னு. பிரேக் போனதே நீங்க எல்லார்ட்டயும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க ஓட்டுறப்ப எனக்குப் பயமே வந்ததில்ல. மொத நாளு நாலு வளைவுதான். அதோட சரி.”

ஸ்பேனர் திரும்பவில்லை. நரைத்த தலை சக்கரம் மாட்டுகிற இரும்பில் சாய்ந்து அப்படியே இருந்தது. தோள் ஒரு தடவை ஏறி இறங்கிற்று, இன்னொரு தடவை. அவள் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டாள். மண்டியிலிருந்து யாரோ சுமை இறக்குகிற சத்தம். கால் மரத்துக்கொண்டு வந்தது. எடுக்கச் சொன்னால்தான் எடுக்கலாம், சொல்கிறபோது சொல்லட்டும் என்று ஊன்றிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தெறக்குறேன்” என்றார். இறங்கியது. பூட்டினார். ஏழெட்டுத் தடவையில் குமிழி நின்றுவிட்டது. கடைசித் தடவை அவள் மிதித்தபோது பெடல் இறங்கவில்லை. பாதி தூரம் போய்ப் பாறையில் மிதித்ததுபோல நின்றது. முழு பலத்தையும் கொடுத்து மிதித்தாள், அசையவில்லை. “கல்லு மாதிரி இருக்கு” என்றாள். அவர் எழுந்து நின்று, “நெசமாவா?” என்று கேட்டு, குனிந்து தன் கையால் பெடலை அமுக்கிப் பார்த்தார். அவள் பாதத்தின்மேல் அவர் கை பட்டது. எண்ணெயாக இருந்தது.

அதற்கப்புறம் சக்கரங்களை மாட்டினார், ஜாக்கி வைத்து ஒவ்வொன்றாகக் கட்டைகளை உருவினார். மணி ஒன்றாகியிருக்கும். அவள் உள்ளே போய் உலை வைத்திருக்கலாம். போகவில்லை, அந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி தன் சக்கரங்களில் நின்றபோது லேசாக ஆடி அடங்கியது. அவர் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடதுபக்கத்து முன்னிருக்கையைத் துடைத்தார். தூசி எதுவும் இல்லை, நேற்றுத்தான் துடைத்திருந்தார். துடைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கேட்கப் போகிறார். அல்லது கேட்காமலே போய்விடுவார், நல்லாப் பசிக்குது என்று சொல்லிவிடுவார், அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? இறங்கி வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போகப் பத்து எட்டு. அந்தப் பத்து எட்டில் அடுப்பு ஞாபகம் வரும், கட்டியிருக்கிற பழைய சேலை ஞாபகம் வரும், இருவரில் ஒருவருக்கு வேறு ஏதாவது தோன்றிவிடும். அவள் இறங்கவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் அள்ளிக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்து, முதலில் வலிக்கிற காலை அந்தப் பக்கம் போட்டு, கியர் கம்பி இரண்டையும் தாண்டி, இடுப்பால் நகர்ந்து, மூச்சு வாங்க இடதுபக்கத்து இருக்கையில் போய் விழுந்தாள்.

“எறங்கி வந்திருக்கலாம்ல” என்றார் அவர். “முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“பேசாம ஏறுங்க” என்றாள் தமயந்தி.